விறகுக்கடைச் சுவரில் நின்றவர்கள்

லூர்து அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பி சைக்கிளில் வந்து சொன்னார். நான் அப்போது கல் பட்டறையில் இருந்தேன். குச்சி நுனியில் ஒட்டிய மோதிரக் கல்லைச் சக்கரத்தில் பிடித்துப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தேன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற அவர் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்று, என் பெயரைச் சொல்லி யார் என்று விசாரித்தார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

“அக்கா தவறிட்டாங்கம்மா. காமாலை முத்திப் போச்சு. திண்டுக்கல்லுலயே அடக்கம் பண்ணிட்டோம். உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று நான் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் மறுபடி சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கல் ஒரு பக்கம் தேய வேண்டியதற்கு மேல் தேய்ந்துவிட்டது. “புத்தி எங்க போச்சு உனக்கு?” என்று பட்டறைக்காரர் திட்டினார்.

கண்ணால் பார்க்காத சாவை எப்படி நம்புவது? காமாலைக்குப் பச்சிலை மருந்து சாப்பிடத்தான் அக்கா தன் பெரியம்மா வீட்டுக்குப் போனார். குழாயடியில் நின்றிருந்த எங்களிடம், “பொங்கலுக்கு முன்னாடி வந்துடுவேன், போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடந்தார். அவர் இன்னும் திண்டுக்கல்லில்தான் இருக்கிறார் என்றே மனம் நினைக்கிறது.

எங்கள் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி அங்கிருக்கும் அண்ணன் கேட்டார். எனக்குப் பேச வராது என்பதால் எழுத வரும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதைப் படிக்கப்போகிற உங்களில் பலருக்கு அக்காவை என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் அவரோடு பேசியிருக்கிறீர்கள். நான் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

அக்காவுக்குச் சுகாதார ஆபீஸ் ஒன்றில் படம் போடும் வேலை. கொசு, ஈ, மூடாத தண்ணீர்ப் பானை இவற்றையெல்லாம் பெரிது பெரிதாக வரைந்து தருவார். பாலக்கரையில் எங்கள் சந்தில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தார். சந்துப் பிள்ளைகள் அவரைக் ‘கொசு அக்கா’ என்பார்கள். ஆபீசுக்குக் கொசு வரைந்த கை, வீட்டில் மனிதர்களை வரைந்தது. அது எங்களுக்கு வெகுநாள் தெரியாது.

தெரியவந்தது ஒரு கண்காட்சியால். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து படங்களை மாட்டினார்கள். அக்காவின் படங்களும் இருந்தன. அக்கா எங்கள் சந்தில் வீடு வீடாக வந்து அழைத்தார். எல்லாரும் வருகிறோம் என்றார்கள். யாரும் போகவில்லை. என் அம்மா மட்டும், காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கும் வேலை முடிந்ததும் நேராக அங்கே போயிருக்கிறாள். போனவள் படியிலேயே திரும்பிவிட்டாள்.

மறுநாள் குழாயடியில் அக்கா கேட்டார். “வாசல்ல யாராச்சும் தடுத்தாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லலைங்க. தரை கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வெங்காயச் சருகு ஒட்டின காலோட எப்படி ஏறுறது? நானேதான் திரும்பிட்டேன்.”

அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டார். “தடுத்திருந்தா நான் போய் சண்டை போட்டிருப்பேன். நீங்களே திரும்பிட்டா நான் யாரோட சண்டை போடறது?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாயடிக்கு எதிரே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் துணி உலர்த்தும் கொடி ஒன்று கட்டியிருந்தது. அதில் அக்காவின் படங்கள் தொங்கின. தண்ணீருக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் சிரிப்புதான்.

“என்னங்க, படம் துவைச்சுக் காயப்போட்டிருக்கீங்களா?”

“இது நம்ம சோடாக்கடைக்காரர்தானே? மூக்கைப் பாரு.”

“அவரு இவ்ளோ அழகா எங்க இருக்காரு? கடன் சொல்லி சோடா குடிச்சிருப்பாங்க அக்கா.”

நான் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நேராக என்னிடம் வந்தார். “ஞாயித்துக்கிழமை உனக்குப் பட்டறை லீவுதானே? படத்துக்குப் பக்கத்துல நிக்கிறியா? ஆடு வந்தா விரட்டு. அது போதும்.” நான் தலையை ஆட்டினேன். “நீ பேச மாட்டேல்ல? அதான் எனக்கு வேணும். பேசுறவங்களை நிறுத்தினா படத்தை விளக்க ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் பாக்குறவங்க பேச மாட்டாங்க.”

இது பாராட்டா, வேறு எதுவுமா என்று இன்று வரை எனக்குத் தெளியவில்லை. என்னை அக்காவுக்குப் பிடித்திருந்ததா, வாய் பேசாத ஒரு ஆள்தான் தேவைப்பட்டதா? பல ஞாயிற்றுக்கிழமைகள் பக்கத்தில் நின்றும் அதைத் தெரிந்துகொள்ள என்னால் முடியவில்லை.

மழைக்காலம் வந்தது. கொடியில் படம் மாட்ட முடியாது. குழாயடிக்கு எதிரே காதர் பாயின் விறகுக்கடைச் சுவர் நீளமாக, காலியாக இருந்தது. மேலே ஓலைச் சார்ப்பு இறக்கியிருந்ததால் மழை படாது. அக்கா போய்க் கேட்டார். காதர் பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “சாமி வேணாம்மா. கட்சி வேணாம். சினிமாக்காரங்க வேணாம். மத்தபடி உங்க இஷ்டம்.”

“மத்தபடின்னா நாமதான் பாய் மிச்சம்” என்றார் அக்கா.

அப்படித்தான் அந்தச் சுவரில் நாங்கள் வந்தோம். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் சந்து முழுவதையும் அக்கா ஆள் உயரத்துக்கு வரைந்தார். நடுவில் என் அம்மா. அவள் இடுப்பில், சந்து முனையில் இட்லி விற்கும் செல்லம்மாவின் கைக்குழந்தை. ஆபீஸ் விட்டு வந்த பிறகு இருட்டும் வரை வரைவார். படம் முடிந்ததும் பக்கத்துச் சந்துகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் அம்மா மார்க்கெட்டிலிருந்து வரும்போது சுற்று வழியில் வந்து, அந்தச் சுவரைக் கடந்து வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

ஒரு நாள் காலையில் படத்திலிருந்த குழந்தையின் கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நின்று கத்தினார். “யாரு பண்ணினது? எத்தனை நாள் உழைப்பு தெரியுமா? பிடிக்கலைன்னா என் முகத்துக்கு நேரா வந்து சொல்லணும்!”

செல்லம்மா இட்லித் தட்டை வைத்துவிட்டு வந்தாள். “நான்தாங்க. விளக்கு மையை எடுத்து வச்சேன். போறவங்க வர்றவங்க எல்லாம் எவ்ளோ அழகு, எவ்ளோ அழகுன்னு கண்ணு வச்சுட்டுப் போறாங்க. சுவத்துல இருந்தாலும் எம்புள்ளைதானே? நீங்க பாட்டுக்கு வரைஞ்சு விட்டுட்டுப் போயிட்டீங்க. திருஷ்டி கழிக்க யாரு இருக்கா?”

காதர் பாய் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். “என் சுவத்துக்கும் சேத்து வச்சதா இருக்கட்டும், விடுங்கம்மா.”

அக்கா விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அன்று அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “மண்டபத்துல எத்தனையோ பேர் என் படத்தைப் பாத்தாங்க. அதுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஒருத்தர்கூட பயப்படலை.”

மார்கழியில் அக்கா தன் படங்களை ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துப் போனார். அவரோடு ஆபீசில் வேலை பார்ப்பவர் ஒருவரின் வீடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும் வழியில் இருந்தது. அந்த வீட்டின் வெளிச் சுவரில் மாட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். நானும் போனேன். பஸ்ஸில் படங்களைச் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்து கண்டக்டர், “என்னம்மா, ஜமக்காள வியாபாரமா?” என்றார்.

நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டு மாமி வாளியும் துடைப்பமுமாக வந்தார். “ஏன்டிம்மா, நாலு பேர் வந்து நிக்கப் போறா, வாசல் இப்படியா கெடக்கறது?” என்று பெருக்கித் தண்ணீர் தெளித்தார். பிறகு படங்களின் கீழே சுவரின் நீளத்துக்கும் கோலம் போட்டார். அக்கா மாட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மாமி, இதையும் கண்காட்சியில சேத்துக்கலாமா?”

“நன்னாருக்கு போ! மிதிக்கப் போற கோலத்துக்குக் கண்காட்சியா?”

“மிதிச்சா உங்களுக்கு வருத்தமா இருக்காதா?”

“இது போகலைன்னா நாளைக்கு எங்கே போடுவேன்? ஆகாசத்துலயா?” என்ற மாமி என் பக்கம் திரும்பினார். “நீ யாராத்துப் பொண்ணும்மா?”

எனக்கு நாக்கு எழவில்லை. மாமி அக்காவைப் பார்த்து, “பேச வராதோ, பாவம்” என்றார்.

“வரும் மாமி. அவளுக்கு அவசரமில்லை” என்றார் அக்கா.

அன்று பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்கள் கோலத்தைச் சுற்றி நின்று படங்களைப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் கோலம் கால்பட்டுக் கலைந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சுருட்டிய படங்களை மடியில் வைத்துக்கொண்டார். பாலத்தைத் தாண்டிய பிறகு, “எங்கேயோ தப்பா ஆரம்பிச்சிருக்கேன்” என்றார். எதை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பொங்கல் வந்தது. எங்கள் சந்தில் எல்லாரும் சேர்ந்து சுண்ணாம்பு கரைத்து, எல்லாச் சுவருக்கும் ஒன்றாக வெள்ளை அடிப்பது வழக்கம். விறகுக்கடைச் சுவரை மட்டும் விட்டுவிடலாம் என்று காதர் பாயே சொன்னார். அக்கா கேட்கவில்லை. “மத்த சுவரெல்லாம் புதுசாகும்போது இது மட்டும் எதுக்குப் பழசா நிக்கணும்? அடிங்க. நான் திரும்ப வரையறேன்.”

என் அம்மா முன்னால் வந்தாள். “நான் உசிரோட இருக்கறப்பவே என்னை அழிக்கப் போறீங்களா?”

“அழிச்சாதானே மறுபடி வரைய முடியும்” என்றார் அக்கா.

“அது உங்களுக்கு. எனக்கு இந்த ஒண்ணுதான் இருக்கு.”

யாருக்கும் சுண்ணாம்பைத் தொட மனம் வரவில்லை. அக்கா தாமே மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். அத்தனை பேர் நிற்கும் சுவரில் அவர் என் அம்மாவின் முகத்தில்தான் முதலில் அடித்தார். அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நடுத்தெருவில் நின்றேன். அம்மாவின் பின்னால் போவதா, அக்காவின் பக்கத்தில் நிற்பதா என்று தெரியாமல், இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

ஏன் அம்மாவிடமிருந்து ஆரம்பித்தார்? ஓரத்தில் ஆரம்பித்திருக்கலாமே. எழுதும் இந்த நேரத்திலும் எனக்குப் புரியவில்லை. கல் நெஞ்சு என்று சொன்ன அம்மா, அதன் பிறகு வெகுநாள் அக்காவோடு பேசவில்லை. அடிக்கும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அதை அம்மாவிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பிறகு இரண்டாவது படம். இந்த முறை அக்கா யாரையும் தாமாக வரையவில்லை. வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அக்கா கரித்துண்டால் அவர்களைச் சுற்றிக் கோடு இழுப்பார். கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவரவரே சொல்லலாம். செல்லம்மா கைக்கடிகாரம் கேட்டாள். வண்டிக்கார மாரிமுத்து ஒன்றும் வேண்டாம், கையைச் சும்மா தொங்கவிட்டு நிற்க வேண்டும் என்றார். காதர் பாய் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து நின்று, முகம் மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கரிக்கோட்டுக்குள் சாயம் பூச அவரவருக்கே தூரிகையைக் கொடுத்தார் அக்கா. சட்டையெல்லாம் சாயமாகிச் சண்டை வந்தது. முதல் படம் அளவுக்கு அது அழகாக இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமே. செல்லம்மாவின் கை தோளிலிருந்து வராமல் இடுப்பிலிருந்து வந்தது. ஆனால் தினமும் யாராவது அதன் முன்னால் நின்று தங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

என் அம்மா வரவில்லை. அக்கா அழைத்தபோது, “ரெண்டாந்தரம் அழியறதுக்கு நான் வரலை” என்றாள். அக்கா வற்புறுத்தவில்லை.

படம் முடிவதற்குள் அவருக்குக் காமாலை வந்துவிட்டது. திண்டுக்கல் போனார். அப்புறம் அவருடைய தம்பி பட்டறை வாசலில் வந்து நின்றார்.

செய்தி வந்து சில நாட்களில், அடுத்த பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும் நாள் வந்தது. சந்து இரண்டாகப் பிரிந்து நின்றது.

“போன வருசம் அவங்களே அடிச்சாங்க. அவங்க சொன்னபடி செய்யணும்” என்றார் மாரிமுத்து.

“அது முடிஞ்ச படம். இது பாதி” என்றாள் செல்லம்மா. “பாதியில விட்டுட்டுப் போன மனுசி. அழிச்சா அவங்களையே அழிச்ச மாதிரி.”

“திரும்ப வரையறேன்னு சொன்னாங்க. அதான் அடிச்சோம். இப்ப யாரு வரையப் போறா?” என்றார் இன்னொருவர்.

காதர் பாய் என்னைப் பார்த்தார். “அவங்க பக்கத்துல எப்பவும் நின்னது இந்தப் பொண்ணுதான். அவங்க மனசு இதுக்குத்தான் தெரியும். நீ சொல்லும்மா. சொன்னபடி செய்வோம்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் மனம் எனக்குத் தெரியாது. முடிந்த படத்தை அழிக்கலாம் என்றார், பார்த்தேன். முடியாததைப் பற்றி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அடிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அந்தச் சுவரில் அவருடைய கரிக்கோடு இருந்தது. வேறெங்கும் இல்லை. ஆனால் அடிக்காமல் விட்டால் வருஷா வருஷம் அது கறுக்கும், உதிரும். எல்லாரும் தொடப் பயப்படுவார்கள். அந்த மண்டபத்துப் படங்களைப் போல, படிக்கு வெளியே நின்று பார்க்கிற படமாகிவிடும்.

“அடிச்சிடலாம்” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

சொன்ன மறுகணமே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் காதர் பாய், “பொண்ணு சொல்லிடுச்சு” என்று மட்டையைக் கையில் எடுத்துவிட்டார். இந்த முறை ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். என் அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் செய்தது சரியா? செல்லம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அக்காவோடு பேசாமல் இருந்த என் அம்மாவின் நினைவு வந்தது.

இப்போது சுவர் வெறும் வெள்ளை. நேற்றுக் காலை தண்ணீருக்கு நின்றோம். யாரோ பேச்செடுத்தார்கள்.

“செல்லம்மா இங்கதான் நின்னா, கடிகாரத்தோட.”

“ஐயே, அது மாரிமுத்து அண்ணன். நான் இன்னும் இந்தாண்ட.”

“உன் கை இங்க வரைக்கும் வந்துச்சே, மறந்துட்டியா? அது கையா, கொடியா?”

சுவரில் ஒன்றுமில்லை. அதைக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டார்கள். இரண்டு பேர் வெள்ளைச் சுவரோடு ஒட்டி நின்றே காட்டினார்கள். எல்லாரும் தவறாகச் சொன்னார்கள். நான்தான் அதன் பக்கத்தில் நின்றவள். “மாரிமுத்து அண்ணனுக்கு அடுத்தது செல்லம்மா அக்கா. அதுக்கு அப்புறம் பாய்” என்றேன். எல்லாரும் திரும்பினார்கள்.

“பாய்க்கும் செல்லம்மாவுக்கும் நடுவுல ஒரு குடம் மட்டும் தனியா நின்னுச்சே. புடிச்சுக்க ஆளே இல்லாம. அது யாரோடது?” என்று கேட்டது என் அம்மா.

அக்கா அதை வரைந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். இடுப்பு உயரத்தில் ஒரு குடம். அதைச் சுற்றி ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, அடுத்தவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆகவே எனக்கு உறுதியாகத் தெரியாது.

“உனக்கும்மா” என்றேன். “உனக்குத்தான் இடம் விட்டிருந்தாங்க.”

அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு நேராக ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அக்காவை அறிந்தவர்களே, அவர் வரைந்த படம் எதுவும் என்னிடம் இல்லை. அவர் சொன்னவற்றில் பாதி எனக்கு விளங்கவில்லை. அந்தச் சுவரில் யார் எங்கே நின்றார்கள் என்பது மட்டும் என்னிடம் இருக்கிறது. வந்து கேளுங்கள், சொல்கிறேன்.